கணக்கு சரியாக வந்தது, சாவிதான் நுழையவில்லை

நெடுவழி:
கல்யாண விருந்து முடிந்து கிளம்பும் நேரம். எடை 70, ஆண், நான்கு குவளை மது, மூன்று மணி நேரம் என்று இரத்தத்தில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று கணிக்கும் செயலியில் தட்டினேன், 0.07 காட்டியது. இங்கே வண்டி ஓட்ட வரம்பு 0.08. தாராளமாகப் போகலாம் என்று கார்க் கதவைத் திறக்கப் போனால் சாவி துளையைச் சுற்றிச் சுற்றியே கீறுகிறது. இருட்டு என்று முணுமுணுத்தேன். பதினோரு வயது மகள் பேசாமல் கைப்பேசி வெளிச்சத்தைத் துளைமேல் பிடித்தாள். தலைக்கு மேலே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். டாக்சியில் போனோம்.

அளவுக்குப்பி:
நான்கு குவளை சரி, யார் ஊற்றியது? அந்தச் செயலிகளுக்கெல்லாம் அடிப்படை விட்மார்க் சூத்திரம். குடித்த ஆல்கஹாலை உடல் எடையாலும், ஆணுக்குச் சுமார் 0.68, பெண்ணுக்கு 0.55 என்ற சராசரி எண்ணாலும் வகுத்து, மணிக்கு 0.015 வீதம் கழிக்கிறது. குவளைக்கு 14 கிராம் என்பது அதன் நம்பிக்கை. கை தாராளமாகி ஒன்றரை மடங்கு விழுந்திருந்தால் உங்கள் 0.07 உண்மையில் 0.13. என் மைத்துனருக்கு இதைச் சொல்லி ஓர் அளவுக்குப்பி வாங்கிக் கொடுத்தேன். அதில் இப்போது இருமல் மருந்து குடிக்கிறார்.

விடிகாலை:
எனக்கு நடந்தது காலை ஏழு மணிக்கு. தூங்கி, குளித்து, காபியும் குடித்தாயிற்று. அம்மாவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போகும் வழியில் சோதனை. ஊதினேன், 0.04. எங்கள் பக்கம் வரம்பு 0.05 என்பதால் விட்டுவிட்டார்கள். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், காபிக்கெல்லாம் அசையாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பின்னிருக்கையிலிருந்து அம்மா, "இன்னுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஊதிப்பார்:
அளவுக்குப்பியார் வீணாக வம்பு செய்கிறார். கணக்கே வேண்டாம், ஊதும் கருவி வாங்குங்கள். ஆல்கஹாலை உணரும் பாகம் மலிவான குறைக்கடத்தி வகையாக வேண்டாம், எரிபொருள் மின்கலம் உள்ளதாகப் பாருங்கள். கடைசி மிடறுக்குப் பின் 15 நிமிடம் பொறுத்து ஊதுங்கள். இல்லாவிட்டால் வாயில் தங்கிய ஆல்கஹாலையே அது அளக்கும். சில வாய் கொப்பளிக்கும் திரவங்களும் அப்படித்தான். அவ்வப்போது அளவுத்திருத்தம் செய்யக் கொடுங்கள். குடித்து முடித்த உடனே ஊதி நிம்மதி அடையாதீர்கள், அளவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். என் தங்கை கணவர் வாய் கொப்பளித்த கையோடு ஊதிவிட்டு எண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் குடிப்பதே இல்லை.

நெடுவழி:
அளவுக்குப்பியாருக்கு: ஊற்றியது என் மாமனார். அவரிடம் குப்பியை நீட்ட எனக்குத் தைரியம் கிடையாது.