இனி இங்கே முன்னறிவிப்புப் படங்கள் வேண்டாம், கரையில் கண்டதை எழுதுவோம்

மண்டபத்தான் | ஞாயிறு, இரவு 8:50

ஒரு வேண்டுகோள். பொறுமையாகப் படியுங்கள்.

தினமும் ராத்திரி ஏழெட்டுப் பேர் காற்று ஆப்பைத் திறந்து, அதே படத்தை எடுத்து இந்தக் குழுவில் போடுகிறீர்கள். நாளைக்குக் காற்று வேகம் 14 நாட் (கடல் மைல் கணக்கு), அடுத்த நாள் 19 நாட், பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம். மறுநாள் உண்மையில் என்ன அடித்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஆப்பில் 14 நாட் போட்டிருந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி அதை நம்பி 12 சதுர மீட்டர் கைட்டுக்கு (பலகையில் நிற்பவரை இழுத்துப் போகும் பட்டம், மென்காற்றுக்கான பெரிய அளவு) காற்றேற்றித் தயாராக நின்றார். கரையில் மணல் கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்துகிறது. கடலில் எங்கே பார்த்தாலும் வெள்ளை நுரை. விண்ட் மீட்டரைத் தூக்கிப் பிடித்தால் 22. எட்டு நாட்தானே கூடுதல் என்று நினைக்க வேண்டாம். கைட்டை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 14-க்கும் 22-க்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அந்தத் தம்பி ஒரு கையால் கண்ணில் மணல் படாமல் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பார்த்து, "இல்லண்ணே, பதினாலுதான் போட்டிருக்கு" என்றார்.

அன்றைக்கு அவரைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

ஆகவே படம் வேண்டாம். கடலில் இருந்தவர்கள் சாயங்காலம் நாலு வரி எழுதுங்கள். எந்தக் கரை, எத்தனை மணி, எந்தத் திசை, எந்த அளவு கைட், காற்று எப்போது விழுந்தது. எங்கள் அப்பாவும் தாத்தாவும் எந்தப் படமும் பார்க்காமல்தான் கச்சானிலும் (தென்மேற்குக் காற்று) வாடையிலும் (வடகிழக்குக் காற்று) போய் வந்தார்கள்.

எழும்பூர் இரவுவண்டி | ஞாயிறு, இரவு 9:25

அண்ணா, உங்களிடம்தான் கைட் கற்றேன், அந்த மரியாதையோடு சொல்கிறேன். இது கடல் வாசலில் இருப்பவர் பேசும் பேச்சு.

நான் இருப்பது சென்னையில். கரைக்கு வர 550 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளி ராத்திரி ரயில் ஏறலாமா வேண்டாமா என்று புதன்கிழமையே முடிவு செய்ய வேண்டும். அதற்கு அந்தப் படம்தான் இருக்கிறது. நீங்கள் கேட்கும் நாலு வரி நேற்றைய காற்றைச் சொல்லும். எனக்கு வேண்டியது சனிக்கிழமைக் காற்று. கற்றுக்கொண்ட புதிதில் ஒன்றும் பார்க்காமல் கிளம்பி வந்து, கண்ணாடி மாதிரி கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த வலி உங்களுக்குத் தெரியாது.

அப்பா, தாத்தா போய் வந்தார்கள் என்றீர்கள். திரும்பி வராதவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் என்ன ஆயிற்று? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை போய்ச் சேரும் முன்பே எத்தனை பேர் ஆழ்கடலில் இருந்தார்கள்? முன்னறிவிப்பு இல்லாத காலத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டம் பதின்மூன்று | ஞாயிறு, இரவு 10:40

வானிலை படித்தவன் என்பதால் ஒரு விளக்கம். ஆப் என்பது கடை மாதிரி. சரக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. பல ஆப்களில் இலவசமாகக் கிடைப்பது அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற கணினி வானிலைக் கணிப்பு. உலகத்தைச் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர்.

இப்போது தனுஷ்கோடிப் பக்கம் நிலம் எவ்வளவு அகலம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே கட்டத்துக்குள் மன்னார் வளைகுடா, மணல் திட்டு, பாக் நீரிணை எல்லாம் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தை நிலம் என்று கணினி எடுத்துக்கொண்டால், மரமும் வீடும் உரசிக் காற்றைக் குறைப்பதாகக் கணக்குப் போடும். நிஜத்தில் கச்சான் திறந்த கடலில் தடையே இல்லாமல் ஓடி வந்து தெற்குக் கரையில் அடிக்கும். மண்டபத்தான் சொன்ன 14-க்கும் 22-க்கும் காரணத்தில் ஒரு பங்கு இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதோடு ஆப் காட்டும் எண் 10 மீட்டர் உயரத்துக் காற்றின் சராசரி. வீச்சு (இடையிடையே எழும் உச்சக் காற்று) வேறு வரிசையில் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. ஜி.எஃப்.எஸ். புதுக் கணக்குப் போடுவது ஒரு நாளைக்கு நான்கே முறை. நம் நேரப்படி காலை 5:30, முற்பகல் 11:30, மாலை 5:30, இரவு 11:30. ஒவ்வொன்றும் முடிந்து நம் போனுக்கு வர நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் எத்தனை தடவை திறந்தாலும் அதே எண்தான். இருபது தடவை பார்க்கும் நண்பர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பளத்துக்காரி | திங்கள், காலை 5:50

கட்டம் சார் கடைசியில் எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தூத்துக்குடியில் விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் போவது) செய்கிறேன், ஆறு வருடமாக. போன வருடம் வரை ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும், தலையணைக்கு அடியில் இருக்கும் போனை எடுப்பேன். எண் குறைந்திருந்தால் அப்புறம் தூக்கம் வராது. ஒரு நாள் பக்கத்தில் படுத்திருந்த மகள் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, காத்து வந்துச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. அந்த வெளிச்சத்தில் அவளும் தினமும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து போன் சமையலறையில் தூங்குகிறது. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரே ஒரு தடவை பார்ப்பேன். காலையில் மாடியில் துணிக்கொடியைப் பார்ப்பேன்.

ஆனால் படத்தைத் தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, மண்டபத்தான் அண்ணாச்சி. உங்கள் ஊர்க் கதை வேறு, எங்கள் ஊர்க் கதை வேறு. இங்கே ஆனி ஆடியில் மேல்காற்று (மேற்குக் காற்று) நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். காய்ந்த சூட்டுக்காற்று, உப்பு விளைய அதுபோல் வராது. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர், அந்தக் காற்று வந்தால் முகமே தெளிந்துவிடும். ஆனால் பாய் பிடிக்கும் எனக்கு அது கடலுக்குள் தள்ளும் காற்று. நடுப்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரப் பார்க்கும், மேல்காற்று விடாது. இரண்டும் மல்லுக்கட்டும் இடத்தில் காற்றே செத்துப்போகும். கரையிலிருந்து நிறையத் தள்ளிப் போயிருக்கும்போது பாய் தொங்கிவிட்டால், பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டுத்தான் வர வேண்டும். ஒரு தடவை வந்திருக்கிறேன், தோள்பட்டை ஒரு வாரம் தூக்க முடியவில்லை. மேல்காற்று நாளைக்கு எவ்வளவு பலம் என்று முதல் நாள் ராத்திரியே படம் சொல்வதால்தான் இப்போது தைரியமாகப் போகிறேன்.

சோளகம் | திங்கள், பிற்பகல் 1:15

இலங்கை மன்னாரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கச்சான் என்று கதைக்கிற காற்றை எங்கள் வீட்டில் சோளகம் என்பார்கள். ஒரே காற்றுத்தான்.

எங்களுக்குப் படமும் வேண்டாம், துணிக்கொடியும் வேண்டாம் என்று சில பெடியள் சொல்கிறார்கள். மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன, அவை சுற்றினால் காற்று இருக்கு என்பது அவர்களுடைய கணக்கு. அது பிழையான கணக்கு. காற்றாலை விநாடிக்கு 3 மீட்டர் அளவிலேயே சுற்றத் தொடங்கிவிடும், அது ஆறு நாட்கூட வராது. உச்சியில் இருக்கிற காற்று கீழே தண்ணீர் மட்டத்திலும் அப்படியே இருக்காது. ஆனால் திசைக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. முப்பதும் முகத்தை ஒரே பக்கம் திருப்பி நிற்கும். ஒன்றிரண்டு மட்டும் வேறு பக்கம் திரும்பத் தொடங்கினால் காற்று மாறப் போகுது என்று எடுத்துக்கொள்வேன்.

நான் மண்டபத்தான் அண்ணன் பக்கம். இங்கே வருகிற பிள்ளைகள் கடலைப் பார்க்கிற பார்வையே குறைந்துபோச்சு.

மண்டபத்தான் | திங்கள், இரவு 9:10

ஒக்கியைப் படித்ததும் பதில் எழுத முடியாமல் நேற்றிரவு போனை வைத்துவிட்டேன். கன்னியாகுமரிப் பக்கம் எங்களுக்கு உறவு உண்டு. தம்பி சொன்னது சரி. என் தாத்தா காலத்தை நான் அழகாக்கிவிட்டேன், அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் எச்சரிக்கை வேறு, எண் வேறு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் என் பயிற்சியில் அன்றைக்கு ஒரு கயிறுகூட அவிழாது. ஹைதராபாத் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அலை எச்சரிக்கை கொடுத்தாலும் அப்படித்தான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் சொல்வது, எச்சரிக்கை இல்லாத சாதாரண நாளில் 14-ஆ 16-ஆ என்று பார்த்துக்கொண்டே கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பதை.

அரியமானை எடுத்துக்கொள்ளுங்கள். வாடைக் காலத்தில் அருமையான கரை, காற்று நம்மைக் கரைக்கே கொண்டுவரும். அதே இடத்தில் கச்சானில் இறங்கினால் பாக் நீரிணைக்குள் இழுத்துப் போய்விடும். ஆப்பில் இரண்டுக்கும் ஒரே பச்சைக் கட்டம். மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. எத்தனை பேர் அதைப் பார்க்கிறீர்கள்? அங்கே நின்று முதுகில் காற்றை வாங்கிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அப்புறம், காற்றில்லாத நாள். அதை ஏன் தண்டனையாகப் பார்க்கிறீர்கள்? அன்றைக்குத்தான் மாமாவோடு உட்கார்ந்து வலைக்கு ஒட்டுப் போடுவேன். கயிற்றில் உப்பு ஏறிய முடிச்சுகளைப் பார்ப்பேன். மதியம் குழம்பு ஆறும் முன்னால் சாப்பிடுவேன். காற்று அடிக்கும் மாதங்களில் இதெல்லாம் கிடைக்காது.

எழும்பூர் இரவுவண்டி | திங்கள், இரவு 11:05

அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொண்டதற்கு நன்றி அண்ணா. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

காற்றில்லாத நாளில் நீங்கள் வலை பின்னலாம். நான் லாட்ஜ் அறையில் மின்விசிறியைப் பார்க்கிறேன். போன வருடம் அம்மா போனபின் நான் சரியாக இல்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் தலைக்குள் யாரோ பேசிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். தண்ணீரில் இருக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் அது நிற்கும். கைட்டின் நுனி, பலகையின் விளிம்பு, அடுத்த அலை, அவ்வளவுதான். வியாழக்கிழமை படத்தில் 18 என்று பார்த்தால் அன்றைக்கே நெஞ்சு லேசாகிவிடும். அந்த எண் தப்பாகவே இருக்கட்டும். எதிர்பார்க்க ஒரு நாள் கிடைக்கிறது. உங்களுக்கு அது கட்டம். எனக்கு அந்த வாரம் ஓடுவது அதனால்தான்.

உப்பளத்துக்காரி | செவ்வாய், காலை 6:00

தம்பி, உன் அம்மாவைப் பற்றி எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தூத்துக்குடி வழியாக வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. வியாழக்கிழமை 18 என்று காட்டி வெள்ளிக்கிழமை 9 ஆகிவிட்டால் உன் நெஞ்சு என்ன ஆகிறது? எனக்கு அது தரையில் விழுந்ததுபோல் இருக்கும். அதனால்தான் ஒரு தடவைக்கு மேல் பார்ப்பதை விட்டேன்.

விதி வேண்டுமானால் இப்படி வைக்கலாம்: படம் போடுகிறவர் மறுநாள் கண்டதையும் அதற்குக் கீழே எழுத வேண்டும்.

மண்டபத்தான் | செவ்வாய், காலை 6:40

படம் போடுகிறவர்களில் பாதிப் பேர் மறுநாள் கரைக்கே வருவதில்லையே அக்கா. அவர்கள் எதை எழுதுவார்கள்?

கட்டம் பதின்மூன்று | செவ்வாய், இரவு 10:15

வருகிறவர்கள் எழுதினாலே போதும். ஆப் எண்ணும் கரை எண்ணும் ஜோடியாக ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்தால், இந்தத் திசைக்கு இந்தக் கரையில் இவ்வளவு கூட்டிக்கொள் என்று ஒரு திருத்தம் எடுத்துவிடலாம். திசை வாரியாகத்தான் எடுக்க வேண்டும், மொத்தமாகச் சராசரி போட்டால் கச்சான் பிழையும் வாடைப் பிழையும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

ஐப்பசி மழைக்காலத்துக்கு மட்டும் இந்தத் திருத்தம் உதவாது. கறுத்த மேகத்தின் முன்னால் இறங்கிவரும் குளிர்காற்றை 13 கிலோமீட்டர் கட்டம் பார்க்கவே பார்க்காது. காற்று சட்டென்று நின்று, உடம்பில் குளிர் பட்டு, தூரத்துத் தண்ணீரில் கறுப்புக் கோடு தெரிந்தால் உடனே கைட்டை இறக்கிவிடுங்கள். அங்கே மண்டபத்தானின் கண்தான் முன்னறிவிப்பு.

எழும்பூர் இரவுவண்டி | சனி, பிற்பகல் 12:20

பாம்பன் தீவு, குந்துகால் பக்கம். காலை 7:15. ஆப் 16. போனை அறையில் வைத்துவிட்டு வந்து, நுரையைப் பார்த்து நான் சொன்னது 19. அண்ணாவின் விண்ட் மீட்டரில் 21. 12 மீட்டரைப் பைக்குள் வைத்துவிட்டு 9 மீட்டர் கட்டினேன், சரியாக இருந்தது. பத்தரைக்கு மேல் காற்று விட்டு விட்டு வந்தது, இறங்கிவிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி எடுத்த படத்தையும் இதோடு போடுகிறேன் அண்ணா. அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன்.

மண்டபத்தான் | சனி, பிற்பகல் 12:45

படம் இருக்கட்டும். திசையை எழுதாமல் விட்டுவிட்டாய் தம்பி.