சொந்த வீட்டு மரத்தை வெட்ட அனுமதி: டெல்லியில் உங்களுக்கு என்ன நடந்தது?

ஜனக்புரிக்காரி:
மே மாத ஆந்தியில், அதான் புழுதிக்காற்றில், எங்கள் வேம்பு மாடிப்படி பக்கம் சாய்ந்துவிட்டது. விண்ணப்பம், வீட்டுப் பத்திர நகல், படங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. ஆய்வுக்கு வந்தவர் அடிமரத்தைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார். வேர்ப் பக்கம் மண் பிளந்து கிடந்தது. நான் முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து பார்த்துவிட்டு "பத்தே தோ ஹரே ஹைன், மாதாஜி" என்றார். இலை பச்சையாக இருந்தால் மரம் நன்றாக இருக்கிறதாம். 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கெடு முடியும் முன்பே அடுத்த காற்றில் மரம் விழுந்து தண்ணீர்த் தொட்டி நொறுங்கியது. சாயங்காலம் என் பேத்தி அந்தப் படியில் உட்கார்ந்துதான் படிப்பாள். அன்றைக்கு அவள் டியூஷன் போயிருந்தாள். மரத்தை வெட்டவே கூடாது என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வேரைப் பாருங்கள் என்றுதான் கேட்டேன்.

மயூர்விஹார் பழையவர்:
அம்மா, இந்த மாதிரி நிலையில் அனுமதிக்குக் காத்திருக்கவே வேண்டாம். 1994ஆம் வருட டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படியுங்கள். உடனே வெட்டாவிட்டால் உயிருக்கோ உடைமைக்கோ பெரிய ஆபத்து என்றால் நிலத்துக்காரரே வெட்டலாம், 24 மணி நேரத்துக்குள் மர அலுவலருக்கு, அதாவது இந்த அனுமதி தரும் வனத்துறை அதிகாரிக்கு, தெரிவித்தால் போதும். எங்கள் சொசைட்டியில் நடு பிளந்த இலவ மரத்தை இப்படித்தான் எடுத்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

எல்லாருக்குமே சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள், வேர், விரிசல், சாய்ந்த பக்கம் வீட்டுச் சுவர் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆபத்து உடனடியானது இல்லை என்றால் முறையாக விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில்தான் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள்தான் வேண்டும். அப்புறம், வெட்டியதற்கு ஈடாகக் கன்று நடச் சொல்வார்கள். எங்கே நடுவது என்பதை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

ரோஹிணி செக்டர்வாசி:
மேலே எழுதிய ஐயாவுக்கு: ஆபத்து என்பதை யார் முடிவு செய்வது? நீங்கள் சொசைட்டி, பின்னால் ஐம்பது குடும்பம் நிற்கும். தனி வீட்டுக்காரன் கதை வேறு. எங்கள் வீட்டில் மின்கம்பி மேல் உரசிய அரசங்கிளை ஒன்று. பொறி பறந்தது, நானே பார்த்தேன். கூலிக்கு வந்தவர் மேலே ஏறி ரம்பத்தை வைத்ததும் எதிர்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். நான் படித்தவன், ஆங்கிலத்தில் பேசினேன், என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த மனிதரை மட்டும் தரையில் உட்கார வைத்து ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். "பாபுஜி, மேரா க்யா ஹோகா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், என் கதி என்ன ஆகும் என்று. அந்தச் சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறை, இல்லை 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. எனக்கு வக்கீல் இருக்கிறார். அவருக்கு அந்த ரம்பம்தான் பிழைப்பு. அதைத் திரும்ப வாங்கிக் கொடுக்க நாள் கணக்கில் அலைந்தேன்.

கிளைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 15.7 சென்டிமீட்டர் சுற்றளவு வரை உள்ள கிளையைத் தனி அனுமதி இல்லாமல் வெட்டிக் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டுதலை 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய காகிதத்தை நம்பி யாரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். அவ்வப்போது என்ன விதி என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாவல்மரத்தடி:
எல்லாரும் வெட்ட முடியவில்லை என்றே எழுதுகிறீர்கள். மறுபக்கத்தையும் கேளுங்கள். பக்கத்து மனையை பில்டருக்குக் கொடுத்தார்கள், மாடி மாடியாகக் கட்ட. நடுவில் ஒரு நாவல் மரம், ஜூலையில் தெருப் பிள்ளைகள் வாயெல்லாம் ஊதாவாகத் திரியும். ஒரு கோடையில் அது மட்டும் இலை உதிர்த்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அடிமரத்தில், தரையை ஒட்டி, வரிசையாகத் துளை. ட்ரில் போட்டு ஏதோ ஊற்றியிருக்கிறார்கள். மூக்கைப் பிடுங்கும் நெடி. அப்புறம் "பட்ட மரம்" என்று அகற்ற அனுமதி கேட்டார்கள்!

பட்டையை உரிப்பது, எரிப்பது எல்லாமே அந்தச் சட்டப்படி வெட்டியதாகத்தான் கணக்கு. ஆய்வுக்கு வந்தவரை நிறுத்தி ஒவ்வொரு துளையிலும் குச்சியை விட்டுக் காட்டினேன். எழுதிக்கொண்டு போனார். மரம் பிழைக்கவில்லை. ஜனக்புரி அம்மா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அனுமதி வாங்குவதைச் சுலபமாக்கினால் முதலில் வரிசையில் நிற்பது உங்களைப் போன்றவர்கள் இல்லை, இவர்கள்தான். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசி மூச்சை அடைப்பதும் இதே வேலைதான். ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எத்தனை தெருவில் எடுத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

ஜனக்புரிக்காரி:
நான் சுலபமாக்கச் சொல்லவில்லை, சரியாகப் பார்க்கச் சொல்கிறேன். துளையைக் குனிந்து பார்த்தவர் உங்களுக்குக் கிடைத்தார், அதே கண்தான் எனக்கும் வேண்டியிருந்தது. மயூர்விஹார் ஐயா, இன்னொன்று கேட்கிறேன். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவும் அனுமதி வேண்டும் என்கிறார்கள், சட்டத்தில் வெட்டுவதோடு அகற்றுவதையும் சேர்த்தே எழுதியிருக்கிறதாம். அடிமரம் இன்னும் முற்றத்தில் குறுக்கே கிடக்கிறது. உங்கள் இலவத்தின் கட்டையை யாரிடம், என்ன எழுதிக் கொடுத்து எடுத்தீர்கள்?