கடலோரத் தொடக்கப் பள்ளிகளைச் சந்தைப் போட்டியிடம் விட்டுவிடலாமா?

கேள்வி: பாம்பன் வாசகர்

எங்கள் குடியிருப்புக்குள் காலை ஏழு மணிக்கே தனியார் பள்ளி வேன் வந்து நிற்கிறது. ஊர்ப் பள்ளியிலோ ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். பிள்ளைகள் குறைவதால் பணியிடம் போகிறது. பணியிடம் போனதைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் போகிறார்கள். 1955-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்தபடி, பிள்ளைக்கு ஆகும் செலவை அரசு பெற்றோரிடமே கல்விச் சீட்டாகக் கொடுத்துவிட்டால், போட்டியில் எல்லாப் பள்ளிகளும் தேறிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். நம் கரைக்கு இது சரிப்படுமா?

மறுமொழி: தொண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை

ஐயா, சிலி நாடு 1981-இலேயே இதைச் செய்து பார்த்தது. பிள்ளை சேரும் பள்ளிக்கே அரசுப் பணம் போனது. மானியம் பெறும் தனியார் பள்ளிகள் பெருகின. ஆனால் அவற்றுள் பல, பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டு, மானியத்துக்கு மேல் பெற்றோரிடமும் கட்டணம் வாங்கியதால், ஏழை வீட்டுப் பிள்ளைகள் நகராட்சிப் பள்ளிகளிலேயே தேங்கினார்கள். மாணவர்கள் 2006-இலும் 2011-இலும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, அரசுப் பணம் பெறும் பள்ளி லாபம் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்று 2015-இல் அங்கே சட்டம் வந்தது.

இன்னொன்று, சீட்டு கையில் இருந்தாலும் இருபது பிள்ளைகள் உள்ள குப்பத்தில் யார் வந்து பள்ளி திறப்பார்கள்? நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருப்பது அரசு அதைத் தன் கடமையாக ஏற்றதால்தான்.

மறுமொழி: தங்கச்சிமடம், விசைப்படகுத் தொழிலாளி

அம்மா சொல்வது சரி. ஆனால் வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் பெற்றோரைக் குறை சொல்லிவிட வேண்டாம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றுதான் நானும் என் மகளைத் தனியார் பள்ளியில் சேர்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையில் காசில்லாத அந்த ஜூனில்தான் பள்ளிக் கட்டணமும் கட்டியாக வேண்டும். இரண்டு வருடம் மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டினேன். மூன்றாம் வருடம் முடியவில்லை. தேர்வு நாளில் மகளை வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் அவள் அம்மா பக்கத்தில் போய் நின்றாள். மறுவாரமே ஊர்ப் பள்ளிக்கு மாற்றினேன். அங்கே காலை உணவும் கிடைக்கிறது, புத்தகத்துக்கும் காசில்லை. ஆசிரியர் இல்லாத குறை மட்டும் அப்படியே இருக்கிறது. அரசு முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான்.

மறுமொழி: பாம்பன் வாசகர்

நன்றி அம்மா, நன்றி அண்ணா. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில், மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறேன். பிள்ளைகளை வேனில் அனுப்பும் வீடுகளையும் கூட்டத்துக்கு அழைக்கப் போகிறேன்.