நட்பான நினைவூட்டல்: ஒரு சொல் வேண்டும்

மடல் 1: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

குழுவினருக்கு வணக்கம்.

தனிநபர் பயிற்சி (கோச்சிங்) தருகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு அத்தியாயத்தில் நிற்கிறேன். அமர்வுக்கு முந்தைய நாள் ஒரு மடல், செய்கிறேன் என்று ஒப்புக்கொண்ட வேலை என்ன ஆயிற்று என்று ஒரு மடல், கட்டணம் தாமதமானால் ஒரு மடல். மூன்றுக்கும் மூலத்தில் ஒரே பெயர்: ஃபிரெண்ட்லி ரிமைண்டர்.

'நட்பான நினைவூட்டல்' என்று போட்டேன். மாதிரி மடலில் அது இப்படி வந்து நிற்கிறது: "இது நாளைய நமது அமர்வு குறித்த ஒரு நட்பான நினைவூட்டல் மட்டுமே." தமிழில் யாரும் யாருக்கும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். 'நட்பான' என்று அறிவித்த உடனே அதில் இருந்த நட்பு வெளியேறிவிடுகிறது. சுருக்கி 'நினைவு மடல்' என்றால் மறைந்தவர் படம் போட்டு அச்சடித்தது போல் ஆகிவிடும். நினைவு மலர், நினைவு நாள், நினைவுச் சின்னம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்ட சொற்கள். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

மடல் 2: தமிழாசிரியர்

'நினைவூட்டல்' வேண்டாம், 'நினைவுறுத்தல்' என்றே எழுதுங்கள். அறிவுறுத்து, வலியுறுத்து, அச்சுறுத்து என்று 'உறு' என்பதன் பிறவினை தமிழில் நிலைபெற்ற ஆக்கம். இதற்கு மரபும் உண்டு. போர், அரசு, கொடை பற்றிப் பாடும் புறத்திணையில் 'செவியறிவுறூஉ' என்று ஒரு துறை, அதாவது பாட்டு வகை. அரசனின் காதில் அவன் கடமையைப் பணிவோடு போட்டு வைப்பது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய 184ஆம் புறநானூற்றுப் பாட்டு அந்தத் துறைதான். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அரசனை நேராக ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இதைவிட நட்பான நினைவுறுத்தல் எங்கே இருக்கிறது?

நீங்கள் ஒப்புக்கொண்டால் ஓசையை நீட்டும் அளபெடையோடு 'நினைவுறூஉ' என்றே கலைச்சொல் ஆக்கலாம். பெயராகவும் நிற்கும், ஓசையும் இனிது.

மடல் 3: பயிற்றுநர்

ஐயா, பாட்டு அருமை. ஆனால் கண்ணில் தூசி விழுந்தால் 'உறுத்துகிறது' என்கிறோம். அச்சுறுத்தலை நீங்களே பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். என்னிடம் வருகிறவர் 'நினைவுறுத்தல்' என்ற தலைப்பைப் பார்த்தால், தன் மேல் ஏதோ நடவடிக்கை என்றுதான் திறப்பார். 'நினைவுறூஉ' என்றால் திறக்கவே மாட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மடல்களை எழுதுகிறேன். போன வாரம் அனுப்பிய ஒன்றை, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றிக் கீழே தருகிறேன்:

"நாளை மாலை 5 மணிக்குச் சந்திக்கிறோம். போன தடவை, மேலாளரிடம் வேலைப்பளு பற்றி ஒருமுறை பேசிப் பார்க்கிறேன் என்றீர்கள். பேச முடிந்ததா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, எது தடுத்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். நேரம் ஒத்துவராவிட்டால் இன்று இரவுக்குள் ஒரு வரி போடுங்கள்."

இதில் 'நட்பு' என்ற சொல் எங்கும் இல்லை. அது 'முடிந்ததா' என்பதில் இருக்கிறது. முதலில் நான் 'பேசினீர்களா' என்றுதான் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது வீட்டுப்பாடம் கேட்கிற குரல் கேட்டது, மாற்றினேன். 'முடிந்ததா' என்றால் சூழ்நிலைக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிடுகிறது. தமிழில் இணக்கம் வினைமுற்றில்தான் உட்காரும், முன்னால் ஒட்டும் அடைமொழியில் அல்ல. எனவே 'நட்பான', 'அன்பான', 'தோழமை' எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து.

மடல் 4: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

அக்கா சொன்னதை ஏற்கிறேன். அடைமொழியை எடுத்துவிட்டு 'நினைவூட்டல்' மட்டும் போதும். 'ஊட்டு' என்பதிலேயே கனிவு இருக்கிறதே! குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற ஊட்டு. உறுத்துவது வெளியிலிருந்து அழுத்துவது, ஊட்டுவது பக்கத்தில் உட்கார்ந்து கொடுப்பது.

அப்புறம், 'ஞாபகம்' என்ற சொல்லை ஏன் யாரும் தொடவில்லை? பேச்சில் நாம் எல்லோரும் 'ஞாபகப்படுத்து' என்றுதான் சொல்கிறோம். வடமொழியில் அந்தச் சொல்லின் பொருளே 'அறியச் செய்வது'. தொல்காப்பிய மரபியலில் நூல் எழுதும் முறைகளாக வரும் 32 உத்திகளில் ஒன்று 'ஞாபகம் கூறல்'. தொல்காப்பியத்தில் இடம் கிடைத்த சொல்லுக்குக் கையேட்டில் கிடைக்காதா?

மடல் 5: தமிழாசிரியர்

தம்பி, மரபியலில் பிற்காலத்தில் சேர்த்த இடைச்செருகல் உண்டு என்று ஆய்வாளர் பலர் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயும் 'ஞாபகம்' ரிமைண்டர் அல்ல. சூத்திரம் ஒரு கருத்தைக் குறிப்பால் உணர்த்துவது. அந்தச் சொல் அங்கே இருப்பதால் இங்கே வர உரிமை பெற்றுவிடாது.

'ஊட்டு' கனிவான சொல் என்கிறீர்கள். அச்சமூட்டு, எரிச்சலூட்டு, வெறியூட்டு, சினமூட்டு. போதுமா?

நேற்று இரவு வேறொன்று தோன்றியது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மடலுக்கு நம்மிடம் நேரான முன்னோடி செவியறிவுறூஉ அல்ல, 'பரிசில் கடாநிலை'. தருவதாக இருந்த பரிசில் தாமதமாகிறபோது புலவர் கேட்கிற பாட்டு. கட்டண மடலேதான்! 101ஆம் புறப்பாட்டில் அதியமானைப் பற்றி ஔவை சொல்வதைப் பாருங்கள். ஒருநாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பல நாள் பலரோடு போனாலும் முதல்நாள் போன்ற விருப்பத்தோடு இருக்கிறான். பரிசில் நீட்டித்தாலும் நீட்டிக்காவிட்டாலும் அது யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்த கவளம் போல. கைக்கு வந்ததுதான், பொய்க்காது. 'நெஞ்சே, வருந்தாதே' என்று முடிக்கிறார். கவனியுங்கள், 'இன்னும் தரவில்லையே' என்று அவனிடம் சொல்லவே இல்லை. தன் நெஞ்சுக்குச் சொல்கிறார், அவன் காதில் விழும்படி. தாமதத்தை ஒரு சொல்லில் தொட்டுவிட்டு நம்பிக்கையை முழுப் பாட்டாக விரிக்கிறார்.

ஆகவே 'கடாமடல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். கடாவுதல் என்றால் செலுத்துதல், வினவுதல். இரண்டும் பொருந்தும்.

மடல் 6: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

ஐயா, இந்தப் பாட்டுக்காகவே இழை நீண்டது நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் 'கடா' என்று பார்த்தால் ஆட்டுக்கடாதான் நினைவுக்கு வரும். வினா விடையைக் குறிக்கும் 'கடாவிடை' தெரிந்த பத்துப் பேருக்காகக் கலைச்சொல் செய்ய முடியாது.

மடல் 7: பயிற்றுநர்

கட்டண மடல் பற்றி ஐயா சொன்னதை நான் எடுத்துக்கொள்கிறேன். என் வழக்கமான வரி: "இந்த மாதக் கட்டணம் இன்னும் என் கணக்கில் வரவில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த மடலை விட்டுவிடுங்கள்." அதில் தாமதம் முதலிலும் நம்பிக்கை கடைசியிலும் நிற்கிறது. இனி திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

எனக்கு உள்ள உறுத்தல் வேறு. 'நினைவு' என்று தொடங்கினாலே 'நீங்கள் மறந்துவிட்டீர்கள்' என்று ஆகிறது. "உள்ளுவன் மன்யான் மறப்பின்" என்கிறது குறள் 1125: மறந்தால் அல்லவா நினைப்பேன்! நாளைக்கு நடக்க வேண்டிய அமர்வை அவர் இன்னும் மறக்கவே இல்லை. அவருக்கு எதற்கு நினைவூட்டல்? நாளுக்கு முன் போவதும் நாள் தாண்டிப் போவதும் ஒரே மடல் அல்ல. முன்னதை 'முன்மடல்' என்றும் பின்னதை 'கேட்பு மடல்' என்றும் பிரிக்கலாமே.

இன்னொன்று, 'கிளையண்ட்' என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர், கடைக்கு வாடிக்கையாளர். எங்களிடம் வருகிறவருக்குப் பெயரே இல்லை. 'பயிற்சியாளர்' என்றால் கொடுப்பவரா பெறுபவரா என்று தெரிவதில்லை.

மடல் 8: தமிழாசிரியர்

பயிற்றுநரைக் குறிக்கும் கோச் என்ற ஆங்கிலச் சொல்லே வண்டிதான், அம்மா. ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த வண்டிக்கு ஊர்ப்பெயரே பெயராகி, 19ஆம் நூற்றாண்டில் மாணவனைத் தேர்வுவரை ஏற்றிச் செல்லும் ஆசிரியருக்கு ஆக்ஸ்போர்டு மாணவர் பேச்சில் அது பெயரானது. நம்மிடம் தேர் ஓட்டுகிறவன் 'வலவன்'. முல்லைப் பாட்டுகளில் எங்கே போக வேண்டும் என்று தலைவன் சொல்கிறான், குதிரையைச் செலுத்துவது வலவன். உங்கள் தொழிலும் அதுதானே? நீங்கள் 'வலவர்', வருகிறவர் தேரில் ஏறிச் செல்லும் 'ஊர்நர்'.

மடல் 9: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

எல்லோருக்கும் நன்றி. வலவரை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்கிறேன் ஐயா. இப்போதைக்குப் 'பயிற்றுநர்', 'பயிலுநர்'.

தலைச்சொல் 'நினைவூட்டல்' என்றே போகிறது. நான்கு பேர் ஏற்றார்கள், அதில் இரண்டு பேர் வேறு வழியில்லாமல் ஏற்றார்கள் என்று தெரியும். 'நட்பான' எல்லா இடத்திலும் போய்விட்டது. மூலத்தில் அந்தச் சொல் வருகிற இடங்களில் மாதிரி மடலின் வினையைத் திருத்தியிருக்கிறேன். 'அனுப்பினீர்களா' என்பது 'அனுப்ப முடிந்ததா' ஆனது. 'மறக்க வேண்டாம்' என்ற வரி மூன்று மடல்களில் இருந்தது, மூன்றையும் நீக்கிவிட்டேன். முன்மடல், கேட்பு மடல் என்ற பிரிவை உள்தலைப்புகளாகச் சேர்க்கலாமா என்று பதிப்பாளரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. இன்று காலை அவருக்கே ஒரு கேட்பு மடல் எழுத உட்கார்ந்து, முதல் வரியை நான்கு முறை மாற்றினேன்.

மடல் 10: தமிழாசிரியர்

நல்லது. கையேடு உங்களுடையது. 'நினைவுறுத்தல்' என்பதே இலக்கணத்துக்கு இயைந்தது என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது, இழையில் பதிவாக இருக்கட்டும்.

மடல் 11: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

எங்கள் செயலியின் பொத்தானில் 'நினைவூட்டல்' அடங்கவில்லை, கடைசி எழுத்து வெட்டுப்படுகிறது. அங்கே மட்டும் 'ஞாபகம்' என்று விட்டிருக்கிறேன். ஐயா மன்னிக்க வேண்டும்.