ரிமாண்ட் கேட்கும் நேரத்தில் நாங்கள் பார்த்தது

நான் ஜூனியர் வக்கீலாக இருந்த காலம். ஞாயிறு இரவு, மாஜிஸ்திரேட் குவார்ட்டர்ஸ் வாசல். திருட்டு வழக்கில் பிடித்த பையன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தார்கள். வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. மாஜிஸ்திரேட் கதவருகே நின்றபடியே "அடிச்சாங்களா?" என்று கேட்டார். பையனின் தோளில் எஸ்.ஐ.யின் கை. "இல்லைங்கய்யா" என்றான். வேறென்ன சொல்வான்? வீக்கத்தை ஆர்டரில் எழுதச் சொல்லிக் கேட்டேன். "மெடிக்கல் சர்டிபிகேட்ல காயம் எதுவும் இல்லையே வக்கீல்" என்றார். 15 நாள் ரிமாண்ட், அதாவது காவலில் வைக்க உத்தரவு.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் காவலில் வைக்க உத்தரவிடும் மாஜிஸ்திரேட் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லிவிட்டது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சமே மூன்று ஆண்டுதான். ஆனால் "காரணங்கள் திருப்தியளிக்கின்றன" என்ற வரி முன்கூட்டியே டைப் ஆகி வந்துவிடுகிறதே!

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்த அப்பாவையும் மகனையும் மாஜிஸ்திரேட் தள்ளி நின்று பார்த்தே ரிமாண்ட் செய்தார் என்ற புகார் எழுந்தபோது ஊரே அதிர்ந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இருவரும் சில நாளில் இறந்துபோனார்கள். கோர்ட் வராந்தாவில் நிற்பவர்கள் யாருக்கும் அந்தப் புகார் புதிதாகப் படவில்லை.

எல்லாரும் அப்படியில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் மாஜிஸ்திரேட் போலீஸாரை வெளியே அனுப்பிவிட்டு, கைதானவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, முதுகில் இருந்த தடிப்புகளைத் தன் கையாலேயே எழுதி, ஜி.எச்.சுக்கு அனுப்பினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

----

வக்கீல் சார், அரசு வக்கீல் பற்றி நான் சொல்கிறேன். என் மச்சானின் ஜாமீன் மனு வந்த அன்று, ஏ.பி.பி. (உதவி அரசு வக்கீல்) கேஸ் கட்டைப் பிரிக்கவே இல்லை. ஏட்டு அவர் காதில் ஏதோ சொன்னார், இவர் எழுந்து "சாட்சிகளைக் கலைத்துவிடுவார், கடும் ஆட்சேபணை" என்றார். சாட்சிகள் நாலு பேருமே போலீஸ்காரர்கள்! அரசு வக்கீல் போலீஸுக்கு வக்கீல் இல்லை, கோர்ட்டுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியவர் என்று பின்னால்தான் ஒருவர் விளக்கினார். மனு தள்ளுபடி.

அப்புறம் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனோம். அதே காகிதங்கள்தான். அங்கிருந்த பி.பி. (அரசு வக்கீல்) அவற்றைப் படித்துவிட்டு, "சாட்சிகள் எல்லாம் போலீஸ்தான், ஆட்சேபணை இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது.