புதுப்பிப்பு: ஈரல் சுருக்க நோயாளியின் லாக்டேட் ஏன் இறங்கவில்லை

செப்சிஸில் (கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) வந்த சிரோசிஸ் (ஈரல் சுருக்க) நோயாளிக்கு ஆறு மணி நேரத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) 5.8-லிருந்து 5.1-க்குத்தான் இறங்கியது, இன்னும் சலைன் ஏற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஏற்றவில்லை. நல்லவேளை.

ரத்தத்தில் சேரும் லாக்டேட்டில் பாதிக்கும் மேல் ஈரல்தான் அகற்றுகிறது. அது பழுதானால், திசுக்களுக்கு ரத்தம் ஒழுங்காகப் போனாலும் எண் மெதுவாகத்தான் இறங்கும். "அட்ரினலின் ஓடுகிறதா?" என்று ஒருவர் கேட்டது சரியான கேள்வி, ரத்த அழுத்தத்தைத் தூக்கக் கொடுக்கும் அந்த மருந்தே லாக்டேட்டை ஏற்றிவிடும். இவருக்கு அதே வேலைக்கான நார்அட்ரினலின் மட்டும்தான்.

பிறகு, திசுக்களுக்கு ரத்தம் போகிறதா என்று அறிய விரலைப் பார்த்தோம். நுனியைப் பத்து விநாடி அழுத்தி விட்டால் மூன்று விநாடிக்குள் சிவப்பு திரும்பியது. சிறுநீரும் வந்துகொண்டிருந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வில் (424 பேர்) இந்த விரல் சோதனையை இலக்காக வைத்தவர்களில் 28 நாள் இறப்பு 34.9%, லாக்டேட்டைத் துரத்தியவர்களில் 43.4%. புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விரலைப் பார்க்கக் காசு செலவில்லை!

அதற்காக லாக்டேட்டை ஒதுக்கிவிடாதீர்கள். ஈரல் நோயாளிக்கும் அது ஏறிக்கொண்டே போனால் ஆபத்துதான். குடல் அழுகல், வடியாத சீழ் எல்லாம் தேட வேண்டும். "ஈரல்தானே" என்று கடந்துபோவது என் பழைய கெட்ட பழக்கம்.

மூன்றாம் நாள் இவருக்கு லாக்டேட் 2.6. நார்அட்ரினலின் நிறுத்தியாயிற்று.