டி.வி.டி. ரைட்டரில் கழற்றிய லேசர் டயோடு மங்கலாக மட்டும் எரிகிறது: டிரைவர் கோளாறா, டயோடு போய்விட்டதா?

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம். பழைய மேசைக் கணினி டி.வி.டி. ரைட்டர் இரண்டு பரணில் கிடந்தன. இரண்டையும் பிரித்து லேசர் டயோடு எடுத்தேன். தங்கை பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது, கறுப்பு பலூனை லேசரால் உடைத்துக் காட்டலாம் என்று திட்டம்.

டிரைவர், அதாவது டயோடுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பகுதி, எல்லோரும் போடும் எல்.எம்.317 ரெகுலேட்டர் ஐ.சி. சர்க்யூட்தான். அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் 10 ஓம் ரெசிஸ்டர் இரண்டு பக்கவாட்டில், அதாவது மொத்தம் 5 ஓம், அட்ஜஸ்ட் காலிலிருந்து டயோடுக்கு. டயோடுக்குக் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். சப்ளை ஒரு பழைய ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டர்.

முதல் டயோடை குரோக்கடைல் கிளிப்பில் மாட்டியதும் ஒரு கணம் பளீரென்று அடித்தது, அப்புறம் சாதாரண சிவப்பு எல்.இ.டி. மாதிரி ஆகிவிட்டது, அதற்கு மேல் ஏறவே இல்லை. சரி, போனது போகட்டும் என்று இரண்டாவது ரைட்டரைத் திறந்தேன். அதன் லென்ஸ் வண்டியில் ஒரே மாதிரி இரண்டு டயோடு இருந்தன, கழற்ற வசதியாக ஓரத்தில் இருந்ததை எடுத்து மாட்டினேன். இதில் அந்தப் பளீர் கூட வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே கருஞ்சிவப்பாக, அணையப்போகும் கங்கு மாதிரி ஒரு மங்கல். பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் எரிவதே தெரிகிறது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்தால் 0.25 காட்டுகிறது, டயோடின் இரண்டு காலுக்கும் நடுவில் 1.96 வோல்ட். கரண்ட் சரியாகத்தானே போகிறது? பிறகு ஏன் வெளிச்சம் வரவில்லை? இன்னொன்று, 9 வோல்ட் அடாப்டருக்குப் பதில் 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் ஓட்டலாமா?

பழையசரக்கு எழுதியது:

டயோடு அரைகுறையாகப் போய்விட்டது தம்பி. பழைய ரைட்டரில் வருவதெல்லாம் ஓடி ஓடித் தேய்ந்த சரக்கு. 5 ஓமுக்குப் பதில் 3.9 ஓம் போட்டுப் பாருங்கள், கரண்ட் 320 மில்லி ஆம்பியர் வரும், கொஞ்சம் உயிர் வந்தாலும் வரும். எப்படியும் தூக்கிப் போடப்போகிற பொருள்தானே.

ஒளியிழை எழுதியது:

தம்பி, முதலில் அந்த அடாப்டரைப் பிடுங்குங்கள். மேலே சொன்னபடி கரண்டைக் கூட்டாதீர்கள். இதற்குள் குனிந்து பார்ப்பதை நிறுத்துங்கள், சுவரில் எங்கே விழுகிறது என்று தேடவும் வேண்டாம்.

உங்கள் இரண்டாவது டயோடு சாகவில்லை, பெரும்பாலும் முழு வேகத்தில் வேலை செய்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. டி.வி.டி. ரைட்டர் சி.டி.யையும் எழுத வேண்டும். டி.வி.டி.க்கு 650 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு, சி.டி.க்கு 780 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. சில ரைட்டரில் இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கும், சிலவற்றில் தனித்தனியாக இருக்கும். வண்டியில் ஒரே மாதிரி இரண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் இருந்ததை எடுத்தீர்கள், அது சி.டி. டயோடு.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் 1.96 வோல்ட்தான். சிவப்பு ரைட்டர் டயோடில் கால் ஆம்பியர் போனால் 2.5-க்குக் கீழே நிற்காது, சிலது 3 வோல்ட் வரை போகும். 780 டயோடு 2 வோல்ட்டைச் சுற்றித்தான் நிற்கும். நிறத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். செத்த சிவப்பு டயோடு மங்கினாலும் அதே செக்கச்சிவப்பில்தான் மங்கும், கருஞ்சிவப்பாகத் தெரியாது. 780-ஐ நம் கண் 650-ஐப் பார்ப்பதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் பார்க்கும். உங்களுக்கு மங்கலாகத் தெரிந்த அதே கணத்தில் வெளியே வந்துகொண்டிருப்பது நூறு மில்லிவாட்டுக்கு மேல். பிரகாசமான சிவப்பு என்றால் கண் தானாக மூடிக்கொள்ளும், இமை மூடக் கால் நொடி ஆகும். இதில் அந்தக் கால் நொடிப் பாதுகாப்பும் கிடையாது, கண்ணுக்கு வெளிச்சம் என்றே தோன்றாததால் இமை அசையாது. விழித்திரையில் சுட்டாலும் அங்கே வலி தெரியாது. பார்வையில் எங்கேயாவது திட்டு, நிழல், கோடு வளைந்து தெரிவது ஏதும் இருந்தால் இன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

நாலாயிரத்தேழு எழுதியது:

ஒளியிழை சொன்னதுடன் முழுக்க ஒத்துப்போகிறேன், அதில் சேர்க்க எதுவும் இல்லை. முதல் டயோடு ஏன் செத்தது என்பதற்கு வருகிறேன், அதைப் பிடிக்காவிட்டால் மூன்றாவதும் அதே வழியில் போகும்.

உங்கள் சர்க்யூட்டில் கணக்கு சரி. 1.25-ஐ 5 ஓமால் வகுத்தால் 250 மில்லி ஆம்பியர். தப்பு கணக்கில் இல்லை, கிளிப்பில் இருக்கிறது. அடாப்டரை ஆன் செய்துவிட்டு அப்புறம் டயோடை மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டயோடு இல்லாதபோது 317-க்கு லோடு இல்லை, கரண்டைக் கட்டுப்படுத்த அதற்கு வழியும் இல்லை, எனவே முழுக்கத் திறந்துகொண்டு கெப்பாசிட்டரை 7, 8 வோல்ட் வரை ஏற்றி வைத்துவிடும். அந்த நேரத்தில் 2.7 வோல்ட் டயோடை அதன் தலையில் வைத்தால் கெப்பாசிட்டர் தன்னிடம் இருப்பதை அப்படியே கொட்டும். 317 அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அது கெப்பாசிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பல ஆம்பியர், நூறு மைக்ரோ நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் லேசர் டயோடு சாக நானோ நொடியே போதும். படிகத்தின் முனைதான் அதில் கண்ணாடியாக வேலை செய்கிறது, அந்த முனை தன் ஒளியிலேயே உருகிவிடும். நீங்கள் பார்த்த பளீர் அதுதான். அதன் பிறகு டயோடாக மின்சாரம் போகும், எல்.இ.டி. போல எரியும், லேசராக மட்டும் ஆகாது.

இதையே இன்னொரு விதமாகவும் செய்துவிடலாம். மல்டிமீட்டரை வரிசையில் மாட்டிக் கரண்ட் அளக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேஞ்ச் குமிழைத் திருப்பினால் சர்க்யூட் ஒரு கணம் அறுந்து மறுபடி சேரும், அந்த இடைவெளியில் கெப்பாசிட்டர் ஏறிவிடும். கிளிப் லேசாக ஆடினாலும் இதேதான். மீட்டரை வரிசையில் வைக்கவே வேண்டாம். டயோடுடன் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்து அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள், 250 மில்லிவோல்ட் என்றால் 250 மில்லி ஆம்பியர்.

செய்யும் வரிசையைச் சொல்கிறேன். டயோடு இருக்க வேண்டிய இடத்தில் முதலில் 4007 என்ற சாதாரண ரெக்டிஃபையர் டயோடு மூன்று நான்கை வரிசையாகப் போட்டு அந்த 1 ஓமையும் சேர்த்து டிரைவரை ஓட்டிப் பாருங்கள். கரண்ட் நிலையாக நின்றால் சரி. அடாப்டரைப் பிடுங்கி, கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரால் தொட்டு வடித்துவிடுங்கள். லேசர் டயோடின் கால்களை மெல்லிய செப்புக் கம்பி இழையால் சுற்றி ஷார்ட் செய்துகொண்டு பற்றவையுங்கள், எல்லாம் முடிந்து ஒரு தடவை சரிபார்த்த பிறகுதான் அந்த இழையைக் கழற்ற வேண்டும். கிளிப் வேண்டாம், சால்டர் மட்டும். கெப்பாசிட்டரையும் 10 மைக்ரோ ஃபாரடாகக் குறைத்து டயோடின் காலடியிலேயே வையுங்கள், கூடவே தலைகீழாக ஒரு 4007.

சால்டரிங் அயர்ன் இரண்டு பின் மாடலா? அதன் முனையில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பல அயர்னில் லேசாக எரியும். எர்த் இல்லாததால் கசியும் அந்தக் கரண்ட் உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை, டயோடுக்குப் போதும். அயர்ன் சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்தால் பிரச்சினை முடிந்தது. இரண்டு பின் அடாப்டரிலும் இதே கசிவு உண்டு, அதனால் பேட்டரி எப்போதும் மேல்.

5 வோல்ட் சார்ஜர் ஆகாது. 317 தனக்கென்று 1.5-லிருந்து 2 வோல்ட் வரை தின்னும், ரெசிஸ்டரில் 1.25 போகும், மிச்சம் இருப்பது 2 வோல்ட் அளவுதான். சிவப்பு டயோடு எழும்பாது. லித்தியம் செல் இரண்டை வரிசையாகப் போட்டு 7.4 வோல்ட்டில் ஓட்டுங்கள்.

பழையசரக்கு எழுதியது:

1.96-ஐ நான் கவனிக்கவில்லை, 3.9 ஓமை மறந்துவிடுங்கள். ஆனால் இந்தக் காலத்தில் ஏன் இன்னும் 317? கரண்ட் திருகு வைத்த பக் மாட்யூல் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட் பலகை) சென்னை ரிச்சி தெருவில் கடைக்குக் கடை கிடைக்கிறது, சூடும் ஆகாது.

நாலாயிரத்தேழு எழுதியது:

எல்.இ.டி.க்கு நல்லது, லேசருக்கு வேண்டாம். அந்த மாட்யூல்களில் அவுட்புட் கெப்பாசிட்டரே இருநூறு மைக்ரோ ஃபாரடுக்கு மேல் இருக்கும், ஆன் செய்யும்போது கரண்ட் ஒரு துள்ளு துள்ளி அப்புறம்தான் அடங்கும். அந்தத் துள்ளல்தான் நமக்கு எமன். 317-இல் வீணாகும் சூடு இங்கே ஒரு வாட் சொச்சம், சின்ன ஹீட் சிங்க் போதும். ஒரே எச்சரிக்கை, 317-இன் உலோக முதுகு அவுட்புட் காலுடன் இணைந்தது. லேசர் டயோடின் உறையும் ஏதோ ஒரு காலுடன் இணைந்திருக்கும். இரண்டையும் ஒரே அலுமினியத் துண்டில் நேராகத் திருகிவிட்டீர்கள், உறை ஆனோடாக (பிளஸ் காலாக) இருக்கிறது என்றால், 5 ஓம் ரெசிஸ்டரை ஒதுக்கிவிட்டு கரண்ட் நேராக டயோடுக்குப் பாயும். நடுவில் மைக்கா தாள் கட்டாயம்.

ஈயப்பற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆமாம், அடாப்டர் ஆனில் இருக்கும்போதுதான் கிளிப் மாட்டினேன். கண்ணில் திட்டு எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் நாளைக்குக் காட்டிவிடுகிறேன். அயர்ன் முனையில் டெஸ்டர் நன்றாகவே எரிந்தது. வண்டியில் இன்னொரு டயோடு அப்படியே இருக்கிறது. அது சிவப்புதானா என்று 250 மில்லி ஆம்பியர் விடாமல் எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று கால் இருக்கிறது.

ஒளியிழை எழுதியது:

பென்சில் செல் இரண்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வரிசையில். பத்து மில்லி ஆம்பியர் அளவில்தான் போகும், இந்த ரைட்டர் டயோடுகள் லேசராக மாற அதைப்போல் பல மடங்கு வேண்டும், எனவே எல்.இ.டி. அளவில்தான் எரியும். சிவப்பு என்றால் கண்ணுக்கே நல்ல சிவப்பாகத் தெரியும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் மொபைல் கேமராவில் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரிந்தால் அது 780. லேசர் டயோடு தலைகீழ் வோல்டேஜை அதிகம் தாங்காது, அதனால் தேடும்போதும் எதிர்த்திசையில் ஒரு 4007-ஐக் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உறையுடன் சேர்ந்த கால் பொதுக் கால், மற்ற இரண்டில் ஒன்று எரியும், இன்னொன்று ஒளியை அளக்கும் டயோடாக இருக்கலாம் அல்லது இணைக்காமலே விட்டிருக்கலாம்.

கண்காட்சி விஷயம். கால் ஆம்பியரில் வருவது 3பி வகுப்பு லேசர், அதாவது நேராகப் பட்டால் கண்ணைக் கெடுக்கும் வகை. பலூன் உடைந்ததும் ஒளி நிற்காது, பின்னால் நிற்கும் பிள்ளைகள் மேல் போகும். பலூனின் பளபளப்பில் பட்டுத் திரும்பியும் வரும். அட்டைப்பெட்டிக்குள் உள்ளே கறுப்பு அடித்து, மூடி திறந்தால் சப்ளை அறுகிற மாதிரி சுவிட்ச் வைத்து, உள்ளே நடப்பதை மொபைல் கேமரா வழியாகக் காட்டுங்கள். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினால் 650-க்கு எவ்வளவு தடுக்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பச்சை லேசருக்கு விற்கும் ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடிகள் சிவப்பு ஒளியை அப்படியே உள்ளே விடும்.

ஈயப்பற்று எழுதியது:

வண்டியில் இருந்தது சிவப்புதான்! செல் இரண்டில் நல்ல சிவப்பு, கேமரா தேவைப்படவே இல்லை. கண்ணாடி வந்த பிறகுதான் மேலே தொடர்ந்தேன். 4007 வரிசையில் ஓட்டி, கெப்பாசிட்டரை வடித்து, செப்பு இழை சுற்றிப் பற்றவைத்தேன். 1 ஓமில் 251 மில்லிவோல்ட், டயோடில் 2.74 வோல்ட். கறுப்புத் தாளில் விழுந்த ஒளியைக் கேமராவில் பார்த்தால் மணல் தூவியது போல் பொடிப்பொடியாக மினுங்குகிறது, குவியத்தைச் சரிசெய்ததும் தாள் புகைந்தது. ஆனால் ஒரு நிமிடம் போனால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியவே குறைகிறது, கரண்ட் அப்படியே 251 நிற்கிறது. அணைத்து ஆறவிட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது. இது சாவதற்கு அறிகுறியா?

நாலாயிரத்தேழு எழுதியது:

அந்தப் பொடி மினுங்கல் வந்துவிட்டால் லேசராகவே ஓடுகிறது, சந்தேகம் வேண்டாம். மங்குவது சூட்டால். சிவப்பு டயோடு சூடாக ஆக, லேசராக மாறுவதற்கே அதிக கரண்ட் கேட்கும், எனவே அதே 251-இல் வெளிச்சம் குறையும். ஆறினால் திரும்புகிறது என்பதால் இன்னும் கெடவில்லை, ஆனால் அப்படியே விட்டால் கெடும். வெறும் உறையோடு ஓட்டாதீர்கள், 5.6 மில்லிமீட்டர் டயோடுக்கான பித்தளைக் கூடு கிடைக்கிறது, தெர்மல் பேஸ்ட் தடவி அதில் அழுத்தி, கூட்டை ஒரு அலுமினியக் கட்டியில் செருகுங்கள். ரெசிஸ்டரையும் 6.2 ஓமாக்கினால் 200 மில்லி ஆம்பியருக்கு வரும், பலூனுக்கு அது தாராளம். அரை நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயப்பற்று எழுதியது:

6.2 ஓம் இங்கே கடையில் இல்லை, 12 ஓம் இரண்டைப் பக்கவாட்டில் போட்டு 6 ஆக்கிவிட்டேன், 208 வருகிறது. பித்தளைக் கூட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.

அந்த 780 டயோடை என்ன செய்வது?

ஒளியிழை எழுதியது:

கால் மூன்றையும் ஈயத்தால் சேர்த்து ஒட்டி, "அகச்சிவப்பு" என்று எழுதிய டப்பாவில் போட்டு வையுங்கள். தங்கை கைக்கு எட்டாத இடத்தில்.